சவர்த் தண்ணீரில் குழைத்த சட்டிகள்

மச்சாள்,

இன்று காலை குசினியில் ஒரு சின்னச் சத்தம். போன கிழமை சந்தையில் வாங்கிய புதுச் சட்டி. இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். யாரும் தொடாமலே அதன் விலாவிலிருந்து ஒரு சில்லுத் தெறித்து நிலத்தில் விழுந்தது. தெறித்த இடத்தில் அரிசிக் குறுணி அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. குனிந்து பார்க்க முதலே அது என்னவென்று எனக்குத் தெரியும்.

சட்டி விற்றவளை ஏச வாயெடுத்தேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகும் நான் அழவில்லை என்று உம்முடைய அண்ணருக்கு, என் மனுசனுக்கு, ஒரு குறை. அந்தச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்குத்தான் அழுதேன். அவர் அப்போது வீட்டில் இல்லை, எனவே அவருடைய குறை அப்படியே இருக்கிறது.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. பதில் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறார்கள். ஆனால் உம்மோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டியது. உம்முடைய செத்த வீட்டில்தான் அது எனக்குத் தெரியவந்தது. வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அரசாங்கம் இறக்குமதியை இறுக்கி, கப்பலில் ஒன்றும் வராத காலம். துணிக்கு வரிசை, பாணுக்கு வரிசை. தண்ணீர் வடிகட்டும் பாத்திரத்துக்குள் வைக்கிற அந்த வெள்ளைத் தண்டு யாழ்ப்பாணக் கடைகளில் எங்கு தேடினாலும் கிடைக்காது. அந்த வருடம் பார்த்துத்தான் தீவுப்பகுதியில் கெட்ட தண்ணீரால் வரும் நெருப்புக் காய்ச்சல் பரவியது. என் வகுப்பில் முன்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை சுகமில்லை என்று போனாள், திரும்பி வரவில்லை. அவளுடைய இடத்தில் வேறு பிள்ளையை இருத்த எனக்கு மனம் வரவில்லை.

நீர் அப்போதுதான் தெற்கில் மட்பாண்டப் பயிற்சி முடித்து வேலணைக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்திருந்தீர். கலியாணம் வேண்டாம் என்று நின்ற மகள் களிமண்ணைக் கட்டியிருக்கிறாள் என்று உம்முடைய அப்பா, என் மாமா, ஊருக்குச் சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போது நீர் சொன்னீர்.

"மச்சாள், களிமண்ணுக்குள்ள உமியை அரிச்சுக் கலந்து சுட்டால் உமி எரிஞ்சு போகும். அது இருந்த இடமெல்லாம் ஊசித் துவாரமாய் நிக்கும். தண்ணி அதுக்குள்ளால சொட்டுச் சொட்டாய்க் கசியும், ஊத்தை உள்ள நிண்டிடும்."

"துவாரம் கூடினால் சட்டி உடையும்" என்றேன்.

"அதுக்குத்தானே நீர் இருக்கிறீர். நான் செய்யிறன், நீர் சோதியும்."

அன்றைக்கு எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. விஞ்ஞான ரீச்சர் என்றபடியால் கேட்கிறீர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதர் சங்கத்தின் பெயரில் எங்கள் வளவுக் கொட்டிலில் வேலை தொடங்கியது. வடிசட்டி என்று நீர்தான் பெயர் வைத்தீர். குளத்துக் களி, ஆலையிலிருந்து உமி. தண்ணீர்தான் பிரச்சினை. எங்கள் வளவுக் கிணறு சவர், உப்புக் கரிக்கும்; குளிக்க, துணி தோய்க்க மட்டும் உதவும். மாமாவின் மண்கும்பான் கிணறுதான் நல்ல தண்ணீர். குடிக்கிற தண்ணீரை வடிக்கிற சட்டியை நல்ல தண்ணீரில்தான் குழைக்க வேண்டும் என்று நீர் ஒரே பிடி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சவர்த் தண்ணீரில் குழைத்த சட்டியில் குடிக்க இந்தத் தீவில் யாருக்குத்தான் மனம் வரும்? மாமா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு கந்தையா அண்ணையின் மாட்டு வண்டிலில் பீப்பாக்களை ஏற்றி அனுப்பச் சம்மதித்தார்.

நான் சோதித்த விதம் உமக்கு ஞாபகமிருக்கும். எத்தனை தரம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர். சட்டியைக் காய்ந்தபடி நிறுத்து, ஒரு இரவு ஊறவிட்டுத் திரும்ப நிறுத்து, எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று பார்ப்பேன். ஊறிய சட்டியைக் கவிழ்த்து, உள்ளே காற்று இருக்கத்தக்கதாகத் தொட்டிக்குள் அமுக்குவேன். சுவரில் பெரிய துவாரமோ வெடிப்போ இருந்தால் அந்த இடத்தால் குமிழி கிளம்பும். குமிழி வராத சட்டிதான் தண்ணீரை வடிக்கும். குமிழி வந்த சட்டி தண்ணீரை ஊற்றும், அவ்வளவுதான். கடைசியில் ஒவ்வொரு சூளையிலும் ஒரு சட்டியைப் பலிகொடுத்து, அதன் முதுகில் உடையும் வரைக்கும் முருகைக்கல் அடுக்குவேன்.

முதல் சூளை பள்ளிக்கூட விடுமுறைக்குள் வந்தது. நான் நாள் முழுக்கக் கொட்டிலிலேயே நின்றேன். எல்லாச் சட்டிகளும் எல்லாச் சோதனையிலும் தேறின. அடுத்த கிழமையே சில்லுச் சில்லாகத் தெறிக்கத் தொடங்கின. சில இரண்டாகப் பிளந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் அந்த வெள்ளைப் பொட்டு. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் ஈரம் பட்டால் பருத்துப் பொருமுவதை நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் குளத்துக் களிக்குள் சுண்ணாம்புத் துணிக்கை இருக்கிறது என்று விளங்கியது. களியைத் துணியில் அரித்துப் பார்த்தோம். அரித்தும் போகவில்லை. நீர் அன்றிரவு சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தீர்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. அடுத்த சூளைச் சட்டி ஒன்றுகூட வெடிக்கவில்லை. விரலால் சுண்டினால் ஓசை சுத்தமாக வந்தது. சங்கத்துப் பெண்கள் பொங்கல் பொங்கினார்கள். நான் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு சட்டியாகப் புரட்டிப் பார்த்தேன்.

"நல்லது நடந்தாலும் சந்தேகமோ, மச்சாள்?" என்று கேட்டீர்.

"நல்லது நடந்தால்தான் கூடச் சந்தேகம். அதே களி, அதே உமி, அதே சூளை. ஏன் இது மட்டும் நிக்குது?"

"அம்மாளாச்சியின்ர கிருபை."

நீர் கோயிலுக்குப் போவதே வருடத்துக்கு ஒரு தரம். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சட்டியின் அடியிலும், எந்த நாளில் குழைத்தது என்று ஆணியால் கீறி வைத்தேன். வந்த முடிவை இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். சனிக்கிழமைச் சட்டிகள் வெடிக்கின்றன. வேலை நாட்களில் குழைத்த சட்டிகள் நிற்கின்றன. அதாவது, நான் கொட்டிலில் நிற்கும் நாளில் பிறந்தவை வெடிக்கின்றன. சங்கத்துப் பெண்கள் என்னை விட வேகமாகக் கணக்குப் போட்டார்கள். ரீச்சரின் கண் பொல்லாத கண் என்று பேச்சு. ஒருத்தி என்னைக் கண்டதும் பச்சைச் சட்டிகளைச் சாக்கால் மூடினாள். நீர் அதைக் கண்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு மண்ணைப் பிசைந்துகொண்டு இருந்தீர். சிரிப்பை அடக்குகிறீர் என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், பயத்தை அடக்கியிருக்கிறீர்.

கண்ணூறை நான் நம்புகிறவள் இல்லை, மனிதரைத்தான் சந்தேகப்படுகிறவள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு கொட்டிலுக்குள் போனேன். அன்று குழைத்து வனைந்த சட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டு இருந்தன. முந்தின நாள் சட்டிகளின் விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பூ. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"எந்தத் தண்ணியில குழைச்சனீர்?" என்று கேட்டேன்.

"அப்பாவின்ர தண்ணியில."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னீர். பொய் சொல்கிறவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்களை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை. தொட்டித் தண்ணீரையும் வாயில் விட்டுப் பார்த்தேன். எங்கள் வளவுச் சவர். மண்கும்பான் பீப்பாக்கள் நிறைந்து புறப்படுவதை ஊரே பார்க்கிறது; அப்படியென்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? நீர் யாருக்கோ விற்கிறீர் என்று ஒரு நாள் நினைத்தேன். கந்தையா அண்ணை உம்மை ஏமாற்றுகிறார் என்று இன்னொரு நாள் நினைத்தேன். உம்மிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் நீர் உஷாராகிவிடுவீர்.

பிறகு ஒரு நாள் கல்விக் கந்தோர் அலுவலாக யாழ்ப்பாணம் போய், மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டு இருந்தேன். மண்கும்பானைத் தாண்டி ஒரு வளைவில், தெருவை விட்டு இறங்கி, பூவரசுகளுக்குக் கீழே எங்கள் வண்டில் நின்றது. கந்தையா அண்ணை மாடுகளை அவிழ்த்து மேய விட்டிருந்தார். நான் அடுத்த தரிப்பில் இறங்கி வெயிலில் நடந்து வந்தேன்.

நீர் வண்டிலுக்கு மேலே நின்று பீப்பாவிலிருந்து அள்ளி ஊற்றிக்கொண்டு இருந்தீர். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தீர். கீழே பானைகளோடும் வாளிகளோடும் பெண்கள். உப்பங்கழிப் பக்கத்துச் செல்லம் முன்னுக்கு நின்றாள். சாதி சொல்லி மாமாவின் கிணற்றுக் கயிற்றைத் தொட விடப்படாத சனம். வேறு காலங்களில் கிணற்றடிக்குப் போய்த் தள்ளி நிற்பார்கள். யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றினால் கொண்டுபோவார்கள். அந்தக் கோடையில் கிணறு வற்றிக்கொண்டு போக, மாமா அதையும் நிற்பாட்டியிருந்தார். அவர்கள் உப்பங்கழி ஓரத்தில் தோண்டிய குழித் தண்ணீரைக் குடித்தார்கள். காய்ச்சல் அங்கேதான் கூட இருந்தது.

நீர் என்னைக் கண்டீர். கை நிற்கவில்லை.

"பாத்திட்டீரோ?"

"ஓம்."

"ஆருக்குச் சொல்லப் போறீர்?"

எனக்கு வந்த கோபத்தில் நான் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. "என்ர சோதனை முழுக்கப் பழுதாக்கிப் போட்டீரே."

நீர் அந்த வண்டிலில் குந்தி இருந்து சிரித்தீர். செல்லமும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும்போது வண்டிலில் உம்முடைய பக்கத்தில் இருந்துகொண்டு, மாமாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். "தண்ணிக்குத் தெரியுமே, ஆரின்ர வாய் எண்டு?" என்றீர். வீட்டை நெருங்கும்போதுதான் எனக்கு மற்றது பிடிபட்டது. நல்ல தண்ணீரில் குழைத்தவைதான் வெடித்தவை. சவரில் குழைத்தவைதான் நின்றவை.

நம்ப ஏலாமல் இருந்தது. ஒரே களியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நல்ல தண்ணீரிலும் மற்றப் பாதியைச் சவரிலும் குழைத்து, ஒரே சூளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டோம். நல்ல தண்ணீர்ச் சட்டிகள் முறைப்படி வெடித்தன. சவர்ச் சட்டிகளில் கல் அடுக்கி எனக்குக் கை நொந்தது. முதல் ஓரிரு நாள் வடிந்த தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், அதை ஊற்றிவிட வேண்டும். பிறகு ஒரு குறையும் இல்லை. சூட்டில் அந்த உப்பு எப்படியோ சுண்ணாம்பைப் பொரும விடாமல் பிடித்து வைக்கிறது. எப்படி என்று சரியாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான். சுகாதாரப் பகுதி உத்தியோகத்தர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பார்க்கப் போகிறார் என்று செய்தி வந்தது. அவருக்குப் பிடித்தால் நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவுச் சங்கங்களுக்கும் இந்த முறையைப் பழக்கி, பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் சட்டி கொடுப்பதாகப் பேச்சு. அன்று பின்னேரம் கொட்டிலில் உமக்கும் எனக்கும் நடந்த சண்டை உம்முடைய அண்ணருக்கு இன்றுவரை தெரியாது.

"சவர்த் தண்ணியெண்டு சொன்னால் நாளைக்கே அப்பா பீப்பாவை நிப்பாட்டிப் போடுவார்" என்றீர். "சட்டிக்கு வேண்டாமெண்டால் ஏன் தரவேணும் எண்டு கேப்பார். பிறகு செல்லமாக்கள் என்னத்தைக் குடிக்கிறது?"

"சொல்லாட்டி மற்ற ஊரில நல்ல தண்ணியில குழைப்பினம். சட்டி வெடிக்கும். வெடிச்சது கண்ணுக்குத் தெரியாமல் பிள்ளையள் அதில குடிக்கும்."

"மழை வருமட்டும் பொறும், மச்சாள்."

"காய்ச்சல் பொறுக்குமோ?"

நான் அந்த முன்வாங்கை நினைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் பிள்ளைகள். உம்முடைய கண்ணில் செல்லமாக்களின் பிள்ளைகள், என்னுடைய கண்ணில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்; அதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம். அன்றிரவு தனித்தனியே சாப்பிட்டோம். நீர் பொய் சொல்லப் போகிறீர் என்றும், நான் எல்லோர் முன்னும் அதை உடைக்க வேண்டி வரும் என்றும் நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் மாமா சால்வையோடு வந்து நடுக் கதிரையில் இருந்தார். உத்தியோகத்தர் என் சோதனைகளைப் பார்த்தார், தானும் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். நல்ல மனிதர்.

"எந்தத் தண்ணியில குழைக்கிறியள்?" என்று கேட்டார்.

எங்களுக்கு முதல் மாமா சொன்னார். "என்ர கிணத்து நல்ல தண்ணி. கற்கண்டு மாதிரி இருக்கும். அதுதான் சட்டி இப்பிடி நிக்குது."

உத்தியோகத்தர் எழுதப் போனார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீர் எழும்பினீர்.

"இல்லை ஐயா. அதில குழைச்சால் வெடிக்கும். இது இந்த வளவுச் சவர்த் தண்ணி. எல்லா ஊரிலயும் சவர்தான் பாவிக்க வேணும். அப்பிடியே எழுதுங்கோ."

மாமா மெதுவாக உம்முடைய பக்கம் திரும்பினார். "அப்ப இவ்வளவு நாளும் நான் அனுப்பின தண்ணி எங்கை?"

"செல்லமாக்கள் குடிச்சவை, அப்பா."

உத்தியோகத்தர் சட்டியைப் பார்த்தார், சங்கத்துப் பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். மாமா எழும்பிச் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு படலையால் போனார். அடுத்த நாள் வண்டில் வரவில்லை.

நீர் காலை பஸ்ஸில் மண்கும்பானுக்குப் போனீர். உம்முடைய அப்பாவின் கிணற்றடியில், தெருவால் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கத்தக்கதாக நின்று, துலாவைப் பிடித்து இழுத்து, வந்து நின்ற சனத்துக்கு ஊற்றினீர். அந்த வீட்டு மகளைக் கிணற்றடியை விட்டுக் கலைக்க யாருக்குத் துணிவு? அடுத்த நாளும் போனீர். கயிறு உரஞ்சிக் கை பொக்களித்து வீட்டுக்கு வந்தீர். நான் எண்ணெய் போட்டுவிட்டேன். கடைசியில் மாமாவால் தாங்க ஏலாமல் போனது தண்ணீர் போவதை அல்ல. பஸ்ஸில் போகிற சனம் தன் மகள் துலா இழுப்பதைப் பார்ப்பதைத்தான். "அவளை வீட்டை போகச் சொல்லுங்கோ, வண்டில் போகும்" என்று கந்தையா அண்ணையிடம் சொல்லி அனுப்பினார். மழை வரும் வரைக்கும் வண்டில் போனது. உம்மோடு மட்டும் அவர் சாகும் வரைக்கும் கதைக்கவில்லை. அவருக்குக் கொள்ளி வைத்து வந்த அன்று நீர் கொட்டிலில் போய் இருந்து அழுததை நான் கண்டேன்.

சட்டிகள் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. சில வருடம் பாவித்தார்கள். பிறகு கப்பல் திறபட, வெள்ளைத் தண்டுகள் வந்து இறங்கின, சட்டிகளில் சனம் பூங்கன்று நட்டது. உமக்கு அதில் ஒரு கவலையும் இருக்கவில்லை. எனக்குத்தான் கோபம்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

உம்முடைய செத்த வீட்டுக்குச் செல்லம் வந்தாள். படலைக்கு வெளியில் நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். சிலர் எழும்பிப் போனார்கள், போகட்டும். அவள் அழுதபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரீச்சர், சட்டி வேலை தொடங்க முதலே அக்கா எங்கடை பக்கம் வந்தவ. பானையளைக் கழுவி வையுங்கோ, தண்ணி வரும் எண்டவ. பெரியவர் விடமாட்டாரே எண்டு கேட்டனாங்கள். சட்டிக்கெண்டு சொல்லி வாங்கிறன் எண்டவ. பிடிபட்டிடுவியள் எண்டு நாங்கள் பயந்தம். அதுக்கு அவ சிரிச்சவ. என்ர மச்சாளைச் சோதனைக்கு வைச்சிருக்கிறன், அவ ஒருத்தரையும் நம்பாதவ, அவ நிக்கிற இடத்தில வேற ஆரும் கள்ளம் தேடமாட்டினம் எண்டு சொன்னவ."

நான் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன்.

அப்படியென்றால் நல்ல தண்ணீரில்தான் குழைக்க வேண்டும் என்று நீர் பிடித்த பிடி? அதுவும் அதற்குத்தான். சட்டி வேலையே தண்ணீருக்கு ஒரு சாட்டா என்று பல நாள் யோசித்தேன். இல்லை, முதல் சூளை வெடித்த அன்று நீர் சாப்பிடாமல் கிடந்தது நடிப்பில்லை. சட்டியும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்று நின்றிருக்கிறீர். நடுவில் என்னைக் காவலுக்கு வைத்திருக்கிறீர்.

என்னை ஒருவரும் ஏமாற்றியதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இனி அப்படிச் சொல்ல ஏலாது. கோபப்பட்டுப் பார்த்தேன், நிலைக்கவில்லை. அந்தக் கோடையில் செல்லமாக்கள் குடித்த தண்ணீரில் எனக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. எனக்கே தெரியாமல் நீர் அதை என் பெயரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் உம்மிடம் கேட்க நினைத்தேன். ஏன் என்னிடம் நேரே சொல்லவில்லை, நானும் கூட நின்றிருப்பேனே என்று. எழுத உட்கார்ந்த பிறகு அந்தக் கேள்வியையும் என் வழக்கப்படி தட்டிப் பார்த்தேன். சட்டி வேலை தொடங்க முதல் நீர் வந்து கேட்டிருந்தால், மாமாவின் தண்ணீரை அந்தச் சனத்துக்குக் களவாய்க் கொடுக்க உதவச் சொல்லி என்னைக் கேட்டிருந்தால், நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உமக்குத் தெரியும், மச்சாள். தெரிந்துகொண்டுதான் என்னைச் சேர்த்தீர்.